காதும் கையும்

சிட்னியின் புறநகரான செவன் ஹில்ஸில் தகரப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் விக்னராஜா ஃபிட்டராக இருந்தார். நாற்பத்தொரு வயது. யாரிடமும் குரல் உயர்த்தாதவர். இடது காது கேட்காது.

1975இல் ஜப்பானிலிருந்து புதிய இயந்திரம் ஒன்று வந்திறங்கியது. அதைப் பொருத்த ஒகாடா என்ற இளைஞனும் கூடவே வந்தான். மரப்பெட்டியின் மேல் நான்கு ஜப்பானிய எழுத்துகள். கவனமாகக் கையாளவும் என்று பொருள். முதல் எழுத்தைக் கண்டதும் விக்னராஜா, "தொரு. எடு என்று அர்த்தம்" என்றார். ஒகாடா வாயைப் பிளந்தான்.

"எங்கே படித்தீர்கள்?"

"சின்ன வயதில், மலாயாவில்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சண்டைக்காலம். ஒன்பது வயது. 取 என்ற அந்த எழுத்தில் ஒரு கோடு விட்டுப்போனதற்காகப் ஜப்பான் பட்டாளத்து வாத்தியார் மரச்செருப்பால் காதோடு சேர்த்து அறைந்தார். ரத்தம் வயிறு வரை வடிந்தது. அன்றோடு அந்தக் காது போயிற்று. அதே மாதம் சயாமில் ரயில் பாதை போட அப்பாவை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவேயில்லை.

தேநீர் இடைவேளையில் ஒகாடா அட்டையொன்றில் அந்த எழுத்தை வரைந்தான்.

"இதன் கீழே பெண் என்று எழுதினால் கல்யாணம் முடிப்பது."

விக்னராஜா சிரித்தார். "நாங்களும் பெண் எடுப்பது என்றுதான் சொல்வோம்."

"இடப்பக்கம் இருப்பது காது. வலப்பக்கம் கை. பழைய காலத்துச் சீனாவில் எதிரியைக் கொன்றவன் அவன் இடது காதை அறுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அதிலிருந்துதான் எடு என்ற பொருள் வந்தது."

சொல்லிக்கொண்டே விளையாட்டாக விக்னராஜாவின் இடது காதைப் பிடித்து, விரலால் அறுப்பதுபோல் இழுத்தான்.

விக்னராஜாவின் கையில் ஸ்பேனர் இருந்தது. முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி வாயில் அடித்தார். இரண்டு பற்கள் சிமெந்துத் தரையில் தெறித்தன. மண்டையைப் பார்த்து ஓங்கிய கையை நான்கு பேர் சேர்ந்து பிடித்து முறுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் மேலாளர் விசாரித்தபோது, கம்பியால் கட்டிய வாயோடு ஒகாடா தாளில் எழுதிக் கொடுத்தான்: வழுக்கி விழுந்தேன். விக்னராஜா நேரே போலீசுக்குப் போனார்.

"நான்தான் அடித்தேன். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை."

வேலை போனது. வழக்கு நடந்தது. மூன்று மாதம் சிறையில் இருந்தார்.

பார்க்க வந்த மனைவி சிவனேஸ்வரி கேட்டாள்: "அந்த வாத்தியெண்டு நினைச்சே அடிச்சனீங்கள்?"

"முதல் அடி அந்த வாத்திக்குத்தான்."

"மற்றது?"

"மற்றது இந்தப் பொடியன் எண்டு தெரிஞ்சுதான் அடிச்சனான். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு, ஈசு."

வெளியே வந்ததும் ஒகாடாவின் ஊர் முகவரிக்கு ஆறு பக்கக் கடிதம் ஒன்றை எழுதிப் போட்டார். வாத்தியார் அறைந்த செரம்பான் பள்ளிக்கூடம், அப்பா, லொறி எல்லாம் அதில் இருந்தது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தனக்குத் தகுதியில்லை என்று சிவனேஸ்வரியிடம் சொன்னார். பதில் வரவில்லை. பிறகு அருகிலுள்ள பரமட்டாவில் பஸ் கழுவும் வேலை கிடைத்தது. பதினோரு வருடம் அங்கேயே இருந்தார்.