நின்றுபோன லிஃப்டும் சாமி நம்பிக்கையும்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டு. கல்கத்தாவில் அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாலோ, பழைய லிஃப்டாக இருந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு போன் செய்தாலோ என் குரல் கேட்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் கதவைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளேயே இருந்தால் ஒன்றும் ஆகாது. பயத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரப் பார்க்கும்போது லிஃப்ட் அசைந்தால் போச்சு. என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம், நீங்களும் தினமும் அதில் ஏறி இறங்குகிறவர்கள்தானே.

மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்பது எவ்வளவு நேரம் ஆகும், கயிறு அறுந்துவிடுமா, காற்று தீர்ந்துவிடுமா என்பதுதான். இதற்கெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் கொஞ்ச நேரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று கேட்பார்கள். "தீதி, நீங்க கடவுளை நம்பறீங்களா?" தீதி என்றால் இங்கே அக்கா. இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித்தரவில்லை. தப்பாகச் சொன்னால் ஆள் கதவுப் பக்கம் போய்விடுவார். நான் இங்கேயே, தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கோவிலுக்குப் போனால் அம்மா உள்ளே போவாள், அப்பா வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார். இரண்டு பேருக்கும் பிறந்ததாலோ என்னவோ, எனக்கென்று சொந்தமாக ஒரு பதில் இல்லாமல் போய்விட்டது.

எந்த அம்மா?

ஜாதவ்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே கும்மிருட்டு. மாட்டிக்கொண்டவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பொத்தானை அழுத்தியதும் அவர் முதலில் சொன்னது, சாமி பெயரைச் சொல்லி ஆறுதல் சொல்லும் வேலை தன்னிடம் வேண்டாம் என்பதுதான். காரணமும் வைத்திருந்தார். இங்கே சரஸ்வதி பூஜைக்கு முன்னால் பிள்ளைகள் இலந்தைப் பழம் தின்னக் கூடாது, பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. இவர் சிறு வயதிலேயே வேண்டுமென்று பழத்தையும் தின்று, புத்தகத்தையும் படித்து, அந்த வருஷம் வகுப்பில் முதலாக வந்தாராம். அன்றோடு சரஸ்வதி கணக்கைத் தீர்த்தாகிவிட்டது என்றார். பரவாயில்லை, இவர் கதவைத் தொட மாட்டார் என்று நானும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் லிஃப்ட் ஒரு முழம் கீழே இறங்கி மடக்கென்று நின்றது. "மா! மா கோ!" என்று அவர் போட்ட அலறலில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. நான்தான் காய்கறி விலை, மெட்ரோ கூட்டம் என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வந்து இறக்கிவிட்டதும், பேராசிரியர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எங்கள் எண்ணுக்கே போன் செய்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு தெளிவா எழுதி வெச்சுக்கோம்மா. நான் 'மா'ன்னு கூப்பிட்டது பர்த்வான்ல இருக்கிற எங்க அம்மாவை. காளியை இல்லை."

ஆமாம் என்று சொன்னதற்கு

கிடர்பூரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ்கள் நிறைந்த கட்டடம். ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டார். நல்ல நிதானமான குரல். அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த நாட்களில் நான் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவது வழக்கம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதைக் கேட்டதும் குரல் இளகும். இவருக்கு நேர்மாறாக ஆனது. இனி அந்தப் பெயரை என்னிடம் எடுக்காதே என்று ஓர் அதட்டல். அப்புறம் பேச்சே இல்லை.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். லிஃப்டுக்குள்ளிருந்து கத்துகிறவர்களைப் பற்றி எனக்குப் பயமே கிடையாது. சத்தம் வராமல் போவதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். மயங்கிவிட்டாரா, கதவைத் திறக்கிறாரா, ஒன்றும் தெரியாது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவராகவே பேசினார். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசல் பக்கமிருந்த அரசமரத்துச் சாமியிலிருந்து தர்காவரை ஒன்றையும் விடாமல் வேண்டிக்கொண்டாராம். அவள் போய்விட்டாள். இருவரும் ஒரே ஆபீஸில் வேலை, காலையில் சேர்ந்துதான் வருவார்களாம். அவர் கத்தாமல் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க நம்பறவர் இருந்திருந்தா, இன்னிக்கு இந்த லிஃப்ட்ல நான் தனியா ஏறியிருக்க மாட்டேன், தீதி."

விஸ்வகர்மா பூஜை

புரட்டாசி பிறக்கிற சமயத்தில் இங்கே விஸ்வகர்மா பூஜை. நம் ஊர் ஆயுத பூஜை மாதிரிதான், ஆனால் மெக்கானிக்குகளுக்கு அது தீபாவளி. ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் கழுவிச் சாமி முன்னால் அடுக்கிவிடுவார்கள். அன்று முழுக்க யாரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது. மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டு, கிச்சடி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டார். ஆஸ்துமா உள்ளவர், மூச்சுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை இழுத்துக்கொண்டு பேசினார்.

மாடிக்கு ஓடினேன். எங்களில் மூத்த மெக்கானிக் தபோஷ், நாங்கள் அண்ணன் முறை வைத்து தபோஷ் தா என்போம், அவர் மட்டும்தான் பட்டம் விடாமல் உட்கார்ந்திருந்தார். மகா பக்திமான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இதே பூஜை நாளில் வேலைக்குப் போய், லிஃப்டின் மேலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவராம். எழுந்து வந்தார். சாமி முன்னால் ஒரு கும்பிடு போட்டார். பிறகு பூவை விலக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அந்த அம்மாளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபின் எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டேன். துணியவில்லை, பயந்துகொண்டேதான் செய்தேன் என்றார்.

"விஸ்வகர்மா கோவிச்சுக்கிட்டா அடுத்த வருஷம் சமாதானம் பண்ணிக்கலாம். அந்த அம்மாவை அப்படிப் பண்ண முடியாதே."

படியேறுகிறவள்

இந்த வேலைக்கு வந்த பிறகு நான் லிஃப்டில் ஏறுவதில்லை. எங்கள் ஆபீஸே நாலாவது மாடியில்தான், அதுவும் லிஃப்ட் கம்பெனி. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவேன். பக்கத்து நாற்காலியில் உட்காரும் மிதாலி வாரத்தில் பாதி நாள் உபவாசம் இருக்கிறவள், ஒரு கும்பிடு போட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போவாள். நானும் ஒருநாள் அவளோடு உள்ளே நின்று கும்பிட்டுப் பார்த்தேன். கதவு மூட ஆரம்பித்ததும் கால் தானாக வெளியே வந்துவிட்டது. கும்பிட்டதற்கு ஒரு பலனும் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது மிதாலி எனக்காகத் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். "நீ லிஃப்டையும் நம்பலை, சாமியையும் நம்பலை. படிக்கட்டை மட்டும் எதை வெச்சு நம்பறே?"

வரேன்

இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன்.

அலிப்பூரில் ஒரு பழைய கட்டடம். கூண்டு மாதிரி லிஃப்ட், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இழுத்துத் திறக்கும் கம்பிக் கதவுகள். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் ஒருவர் மாட்டிக்கொண்டார். புது ஆபீஸில் அன்றுதான் முதல் நாள். அவருக்குப் பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. மொபைலில் என்னைக் கூப்பிட்டவர், பேச்சு வாடையை வைத்து நான் தமிழில் பதில் சொன்னதும் அழுதுவிடுவார் போலாகிவிட்டார். லிஃப்ட் மாடித் தரைக்கு வராமல் இடுப்பு உயரத்துக்கு மேலேயே நின்றிருந்தது. குதித்துவிடலாம் என்று தோன்றும் உயரம். ஆனால் லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே, கீழ்வரை ஒரே பள்ளம். கால் தவறினாலும், இறங்கும்போது லிஃப்ட் நகர்ந்தாலும் அதற்குள்தான்.

தபோஷ் தா போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்து, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். பிறகு "ஆஷ்ச்சி" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினார். என்ன சொல்கிறார் என்று இவர் என்னைக் கேட்டார். "வரேன்னு சொல்றார்" என்றேன். அதன் அர்த்தம் அதுதான். ஆனால் நம்மைப் போலவே பெங்காலிகளும் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆஷ்ச்சி', அதாவது 'வரேன்' என்றுதான் சொல்வார்கள். தபோஷ் தா சொன்னது நிஜமான 'வரேன்'. மேலே மெஷின் ரூமுக்குப் போய், பிரேக்கை விடுவித்து, லிஃப்டை ஒரு மாடிக்கு நேராக நகர்த்தி உங்களை இறக்கப் போகிறேன் என்று. மதுரைக்காரர் கண்டது முதுகைக் காட்டிக்கொண்டு படியேறிப் போகிற ஒரு மனிதரை. காதில் விழுந்ததோ 'வரேன்'. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்?

"சரி, அவரும் கிளம்பிட்டாரு" என்று அவர் சொன்னார். கம்பிக் கதவை இழுக்கிற கிர்ர் சத்தம் கேட்டது.

கதவைத் தொடாதீங்க சார், அவர் போகலை, மேலேதான் இருக்கார் என்று கத்தினேன். மொபைலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, பதில் இல்லை. இன்னொரு போனில் தபோஷ் தாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்திருப்பார், எப்படி எடுப்பார்? இரண்டாவது கதவும் திறக்கிற சத்தம். அப்புறம் கணகணவென்று லிஃப்ட் அசைகிற ஓசை. உண்மையைச் சொல்கிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ சாமியைக் கூப்பிடுவதைக் கேட்டவள் நான். அந்த நிமிஷம் எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. உள்ளே வெறும் பயம் மட்டும்தான் இருந்தது. மிதாலி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. ஹலோ, ஹலோ என்று அவர் குரல். லிஃப்டுக்குள்ளேதான் இருந்தார், தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மேல்மாடியில் போய்ச் சரியாக நின்றிருந்தது. தபோஷ் தா வந்து அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவரும்வரை நான் போனை வைக்கவில்லை. என்ன நடந்தது சார் என்று கேட்டேன். சொல்ல வெட்கப்பட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே நீட்டியாகிவிட்டதாம். நீட்டியது இடது கால். பள்ளிக்கூட வாசல், பரீட்சை ஹால், வேலையில் சேர்ந்த முதல் நாள் என்று எங்கே போனாலும் வலது காலை முன்னால் எடுத்து வைக்கச் சொல்லி அவருடைய அம்மா பழக்கியிருக்கிறார். புது ஊர், புது வேலை, முதல் நாள். இடது காலை உள்ளே இழுத்து, வலது காலைத் தூக்கப் போன நேரத்தில் லிஃப்ட் குலுங்கி மேலே ஏறிவிட்டது. அம்மாவின் சாமி காப்பாற்றியிருக்கிறார் என்று நான் சொல்லிவைத்தேன். அவர் அவசரமாக மறுத்தார்.

"எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாதும்மா. அது என் காலுக்குத் தெரியல."

ஆக, நம்பிக்கை என்பது மனசில் இருக்கிறதா காலில் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் பயம் வயிற்றில்தான் இருக்கிறது என்று எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்யத் தயார்.