ரேடியோ செட் காளிராஜும் வரித்தலை வாத்தும்

கண்மாய்க் கரையில் ஏறுவதற்கு முன் காளிராஜ் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். பக்தி என்று நினைத்துத் தாங்களும் செருப்பைக் கழற்றியவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ரப்பர் செருப்பு நடக்க நடக்கக் குதிகாலில் அடித்துச் சத்தம் போடும். அது அவர் எடுக்கிற ஒலிப்பதிவில் விழுந்துவிடும், அவ்வளவுதான். கரை நெடுகக் கருவேல முள். குத்தினால் ஒற்றைக் காலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்குவார். முனகக்கூட மாட்டார். அதுவும் பதிவில் விழுமே.

இத்தனைக்கும் ஊரிலேயே பெரிய சத்தக்காரர் அவர்தான். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே தென்னை உயரத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தாலும், கட்டியது அநேகமாகக் காளிராஜ் ரேடியோ செட்டாகத்தான் இருக்கும். வீட்டிலும் மைக்கைப் பிடித்த குரலிலேயே பேசுவார். இன்றைக்கு என்ன குழம்பு என்று அவர் கேட்டால் அடுத்த தெருவிலிருந்து பதில் வருகிறது என்பது மனைவி பாண்டியம்மாளின் புகார். தொழிலில் அவருக்கு ஒரு வீறாப்பு உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாதவரிடமும் வலியப் போய்ச் சொல்வார்: "நம்ம செட்டு ஒருநா மக்கர் பண்ணுச்சுன்னு எவனையாச்சும் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

இந்த மனிதரைக் கரையில் ஊமையாக்கியது கல்லூரி ஆசிரியை உமாமகேஸ்வரி. கண்மாய்க்குள் பறவைகள் சரணாலயம் என்று வனத்துறை பலகை நட்ட பிறகு, வருசா வருசம் குளிர்காலத்தில் மாணவர்களோடு பறவைக் கணக்கெடுக்க வருகிறவர். ஒருமுறை அவர் நடத்திய கூட்டத்துக்கு மைக் கொடுக்கப் போன காளிராஜின் காதில், தான் பதிந்துவைத்திருந்த மஞ்சள்மூக்கு நாரையின் அலகுத் தட்டலைப் போட்டுக் காட்டினார். காளிராஜ் மைக்குக்கான வாடகையையும் மறந்து வீட்டுக்கு வந்தார். மறுநாள் நெளிந்துபோன பழைய குழாய் ஒன்றின் வயிற்றுக்குள் மைக்கைக் கட்டி, வாடைக்காற்று இரையாமல் பாண்டியம்மாளின் பழைய நூல் சேலையைச் சுற்றி, மைக் ஸ்டாண்டில் மாட்டினார். "கொழாயி பேசத்தான் செய்யுமா? கேக்கவும் செய்யும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. குழாய்க்கும் அவருக்கும் வேறு வேலை இல்லை. விடியலுக்கு முன்பே இரண்டு பேரும் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

கூழைக்கடா இறக்கை விரிக்கிற சத்தம், நாமக்கோழிகளின் சண்டை, நீர்க்காகத்தின் உறுமல் எல்லாம் அவர் போனில் இருக்கின்றன. அவருக்கு ஆகாத பறவை ஒன்றே ஒன்று. ஆக்காட்டி. ஆளைப் பார்த்ததும் ஊரைக் கூட்டிவிடும். "தொழில் போட்டி" என்று அதை விலக்கிவைத்திருக்கிறார். இன்னொரு பதிவில், நாரைகளுக்கு நடுவே கண்ணாடி வளையல் குலுங்குகிறது. பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்த பாண்டியம்மாளைக் கையாலேயே திட்டி அனுப்பிய நாள் அது. அதை மட்டும் அவர் அழிக்கவில்லை. இது என்ன பறவை சார் என்று உமாமகேஸ்வரி கேட்டபோது, காளிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எங்க வீட்டுது டீச்சர்" என்றார்.

எல்லாம் இருந்தும் அவருக்குத் தூக்கம் கெடக் காரணம் வரித்தலை வாத்து. மார்கழியில் சில நாட்கள், கிழக்கு வெளுப்பதற்கு முன்பாக, ஒரு கூட்டம் கத்திக்கொண்டே கண்மாய்க்கு மேல் தாழப் பறந்துபோகிறது. தண்ணீரில் இறங்குவதில்லை. இருட்டில் படம் எடுக்கவும் வழியில்லை. சத்தத்தைத் தெளிவாகப் பிடித்தால்தான், இந்தக் கண்மாய்க்கும் வரித்தலை வாத்து வருகிறது என்று எழுத முடியும் என்று உமாமகேஸ்வரி சொல்லிவிட்டார். ஆனால் அது போகும் நேரமும் ஊர்க் கோயிலில் மார்கழிப் பாட்டு போடும் நேரமும் ஒன்று. அந்தப் பாட்டு வருவது காளிராஜ் கட்டிய குழாயில். முந்தின குளிர்காலப் பதிவைக் கேட்டுவிட்டு, பாட்டு ரொம்பத் தெளிவாக இருக்கிறது சார் என்று டீச்சர் பாராட்டியதுதான் மிச்சம்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் முனியசாமியிடம் போய், பாட்டைக் கொஞ்சம் தாமதமாகப் போடலாமா என்று கேட்டுப் பார்த்தார். முனியசாமி நல்ல மனிதர். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று ஊர்க்கட்டுப்பாடு கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் இதற்கு மசியவில்லை. "வெடிங்கிறது நம்ம ஆசை, விட்டுட்டோம். பாட்டு சாமிக்குள்ளது. வாத்துக்காக நிப்பாட்டுனேன்னு நாளைக்கு நான் எப்படிப்பா சொல்லுவேன்?" காளிராஜுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண்மாயைப் பார்த்திருந்த குழாயை மட்டும் மேற்கே திருப்பிவைத்துப் பார்த்தார். பிரயோசனமில்லை. அவ்வளவு நல்ல செட்டு அது.

அப்படியானால் ஒரே வழிதான். செட்டு ஓடக் கூடாது. காளிராஜின் செட்டு மக்கர் பண்ணியது என்று ஊர் பேச வேண்டும்.

சாமிக்குப் பொய் சொல்லலாமா என்ற யோசனை அவருக்கு வராமல் இல்லை. சாமியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அதைச் சமாளித்துவிட்டார். ஊர் வாயை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. வாத்துக் கூட்டம் இன்னும் ஓரிரு நாளில் போய்விடும், அப்புறம் அடுத்த மார்கழிதான். கடைசியில் ஒரு சாயங்காலம் தூசி தட்டுகிற சாக்கில் கோயிலுக்குள் போனார். இருட்டிலும் அந்த ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துச் சேர்க்கிற கை, அன்றைக்கு ஒரு பியூஸைக் கழற்றுவதற்குள் இரண்டு தடவை திருகாணியைக் கீழே போட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

மறுநாள் விடியலுக்கு முன் கரையில் நின்றபோது கோயில் விளக்கு எரிவது தெரிந்தது. பாட்டு வரவில்லை. ஊர் இத்தனை அமைதியாக இருந்து அவர் கேட்டதே இல்லை. தவளை, தண்ணீர், தூரத்தில் ஒரு மாட்டு மணி. பிறகு வடக்கே, பழைய ஹாரனை யாரோ அமுக்கி அமுக்கி விடுவதுபோல ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே பேசிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் இறக்கை அடிப்பதுகூடக் கேட்டது. ஆக்காட்டி வாயைத் திறக்கவில்லை. கூட்டம் தெற்கே தேய்ந்து மறையும் வரை காளிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவை நிறுத்திய பிறகுதான் அழுதார், அதுவும் சத்தமில்லாமல்.

காதில் இயர்போனை மாட்டி, பதிந்ததைக் கேட்டுக்கொண்டே கோயிலுக்கு வந்தால் அங்கே சுஐபு உட்கார்ந்திருக்கிறார். பெரியபட்டினத்தில் செட்டு வைத்திருக்கும் இளவட்டம். காளிராஜின் போன் கிடைக்காமல் முனியசாமி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அதிகாலைச் சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு நேரே பைக்கில் வந்து, ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறந்து வைத்திருந்தார். பியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சுஐபு அதைப் பார்த்தார். காளிராஜின் காலிலிருந்த சேற்றைப் பார்த்தார், தோளிலிருந்த குழாயைப் பார்த்தார். தொழில்காரருக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

காளிராஜ் ஒரு இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தார். சுஐபு கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு தன் பையிலிருந்து வேறு பியூஸை எடுத்துப் போட்டு, மூடியை முடுக்கினார். "பழைய மிசினுல்ல மாமா. குளிருக்கு இப்படித்தான் இழுக்கும்" என்றார் முனியசாமியிடம்.

பழைய மிசினு. காளிராஜ் அதை விழுங்கிக்கொண்டார்.

பாட்டு ஊரை அதிரவைத்துக்கொண்டு கிளம்பியது. காளிராஜ் இரண்டு காதிலும் இயர்போனைச் சொருகிக்கொண்டு தூணோரம் ஒதுங்கினார். முனியசாமி பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு காதை விடுவித்து, என்ன மாமா என்று கேட்டார்.

"இல்லப்பா, பங்குனித் திருவிழாவுக்குச் சுஐபு செட்டச் சொல்லிருவமான்னு யோசிக்கோம். அன்னைக்குன்னு பாத்து இப்படி மக்கர் பண்ணுச்சுன்னா ஊர் கூடி நிக்கும்போது அசிங்கமாப் போயிரும். ஒனக்கு வருத்தமில்லையே?"

சுஐபு பதறிப்போய் வாயைத் திறந்தார். காளிராஜ் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பங்குனித் திருவிழா அவர் கைவிட்டுப் போனதே கிடையாது. ஒரு கணம் முகம் சுருங்கத்தான் செய்தது.

"சரி மாமா. நல்ல செட்டுதான், சொல்லுங்க" என்றார்.

இயர்போனை மறுபடி சொருகி, வாத்துச் சத்தத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். பாட்டு அதையும் மீறி உள்ளே வந்தது. காளிராஜ் தன் குழாய்க்கு அடியில் நின்று, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடினார்.