செருப்பைக் கழட்ட எந்தப் பட்டன்?

பழைய டப்பா மானிட்டரை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் முன்கையை வைத்தால் கைமயிர் குத்திட்டு நிற்கும், 'சடசட'வென்று ஒரு சத்தம் வரும், சூடான தூசி வாசனை மூக்கில் ஏறும். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை எனக்கு அந்த வாசனையில்தான் இருக்கிறது.

என் அம்மா பஞ்சவர்ணம் கே.கே. நகரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். எங்கள் ஊர் கீழக்குயில்குடியிலிருந்து பஸ் மாறிப் போவோம். அந்த வீட்டுப் பெண் நிவேதாவுக்கு என் வயது. அவள் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. வாள், மந்திரம், கோட்டை, நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பு. தொடங்கும்போதே எந்த வீட்டில் பிறக்க வேண்டும் என்று கேட்கும். நிவேதா எப்போதும் பிரபு வீட்டுப் பெண். என் முறை வந்தபோது, "நீ இத எடுத்துக்க" என்று பண்ணையாள் மகளை அவளே தேர்ந்தெடுத்தாள். கெட்ட எண்ணம் இல்லை. யோசிக்கவே இல்லை, அதுதான்.

பண்ணையாள் மகள் கண் விழிக்கும் இடம் ஒரு புல்வெளி. விடிந்தும் விடியாத வெளிச்சம், முழங்கால் உயரத்துக்குப் பனி, தூரத்தில் ஒரு மலை, எங்கள் சமணர் மலையையே யாரோ நீலத்தில் முக்கி எடுத்து வைத்த மாதிரி. சாயங்காலம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து ஊர் திரும்பும்போது எது எந்த மலை என்று குழம்பும். குழம்பட்டும் என்று அரைக்கண் மூடி அப்படியே கிடப்பேன்.

முதல் நாள் பிரபுவின் மாளிகை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன்.

"என்னடி தேடுற?"

"செருப்பைக் கழட்ட எந்தப் பட்டன்?"

நிவேதா கட்டிலில் விழுந்து சிரித்தாள். "லூசு, இதுல அதெல்லாம் கெடையாது. அப்படியே உள்ள போ."

அந்த வீட்டில் எல்லோருடைய செருப்பும் வாசல் ரேக்கில் இருக்கும். எங்கள் செருப்பு மட்டும் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிமேல். அம்மாவுக்கு ஒரு சொல் உண்டு: 'ஓரமா'. ஓரமா விடு, ஓரமா நில்லு, ஓரமா உக்காரு. அதைக் கேட்டு வளர்ந்த கால் விளையாட்டிலும் தானாக நின்றது.

வாசல் காவலன் என்னை உள்ளே விடவில்லை. அவன் சொன்ன இங்கிலீஷை நிவேதா படித்துச் சொன்னாள்: "ஒன்னைய மாதிரி ஆளெல்லாம் இங்க வரக்கூடாதாம்." பதிலுக்கு மூன்று வழிகள். கும்பிடலாம், பின்வாசல் வழியாகப் போகலாம், வாளை உருவலாம்.

"கும்புடு போட்டுட்டுப் போடி, ஈஸி."

வாளை உருவினேன். ஒரே வெட்டில் செத்தேன். மறுபடி புல்வெளி, மறுபடி பனி, மறுபடி வாசல். அந்தக் கோடை முழுக்கச் செத்துச் செத்து எழுந்தேன். ஒவ்வொரு சாவிலும் பயம் கொஞ்சம் குறைந்தது.

கேம்ஸுக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்று இப்போது இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். பிரபுவையும் பண்ணையாளையும் உள்ளே வைத்தது யார்? வாசலில் காவலனை நிறுத்தியது நானா? தடையில்லாமல் உள்ளே போகிறவனுக்கு வாசல் கண்ணில் படாது.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, என் செருப்பை ரேக்கில் நிவேதாவின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனேன். சற்று நேரத்தில் அவள் அம்மாவின் குரல்.

"பஞ்சவர்ணம், ரேக்குல இது யாரு செருப்பு?"

"புள்ள தெரியாம விட்டுருச்சுக்கா" என்று அம்மா ஈரக்கையோடு ஓடினார்.

நான் பின்னாலேயே வந்து, "தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன்.

அம்மா என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். பஸ்ஸில், "எம்புட்டு வாய்டி ஒனக்கு" என்றதோடு சரி. மறுநாளிலிருந்து என்னைக் கூட்டிப்போகவில்லை. மாளிகைக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு கிளினிக் கட்டிவிட்டார்கள். டப்பா மானிட்டர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்த விளையாட்டு புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, போட்டுப் பார்த்தேன். நான் வேலைக்குப் போய், அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிவந்தேன். முதலில் வாங்கிப் போட்ட சாமான் செருப்பு ரேக்.

"ரேக்குல விடும்மா."

"இருக்கட்டும்டி, ஓரமாத்தான கெடக்கு."

தினமும் காலையில், கேட்டுக்கு வெளியே கிடக்கும் அம்மாவின் ரப்பர் செருப்பை எடுத்து வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறேன். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அது மறுபடி கேட்டுக்கு வெளியே கிடக்கிறது. குனிந்து மறுபடி எடுக்கிறேன்.