செருப்புப் போட்ட ஒன்று

மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத ஆள் பக்கிரி ஒருத்தன்தான். படகு அலையைத் தாண்டுவதற்குள் அவனுக்குக் குடலே வெளியில் வந்துவிடும். சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்த அண்ணன் அப்பாதுரை, "டேய், நீ மீனுக்குப் போட்ட தீனி போதும், கரையிலயே இரு" என்று இறக்கிவிட்டுவிட்டான்.

இறங்கியவன் திண்டிவனத்தில் ஒரு போர்டு கடையில் பிரஷ் பிடித்தான். அங்கே ஒரு சர்க்கஸ் நோட்டீஸில் தடித்தடியான இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்தான். ஒவ்வொரு கோடும் மரக்கட்டை போல ஒரே பருமன். கோடு முடிகிற இடத்திலெல்லாம் சதுரமாக ஒரு பட்டை. அந்த எழுத்துக்கு என்ன பெயர் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். உப்பளக் கொட்டகைச் சுவர்களில் அதையே எழுதினான். மெல்லிய கோடாக இருந்தால் உப்புக்காற்று ஒரே வருஷத்தில் உரித்துவிடும், இது நின்றது. ஈசிஆரில் பறக்கிற பஸ்ஸிலிருந்து கூடப் படிக்க முடிந்தது. உப்பு மூட்டையில் பெயர் போடத் தகரத்தில் எழுத்தச்சு வெட்டிக் கொடுத்ததும் இதே எழுத்தில்தான்.

தமிழுக்கும் அந்தப் பட்டையை மாட்டினான் பாருங்கள், அங்கேதான் வம்பு. 'மரக்காணம்' என்று எழுதும்போது நடுவில் வருகிற துணைக்காலுக்கு அடியில் பட்டையாக ஒன்று வைத்தான். அண்ணி தெய்வநாயகி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, எழுத்துக்கெல்லாம் செருப்பு மாட்டி வுட்டிருக்க?" என்றாள்.

"கால்னு பேரு வச்சாச்சு இல்ல அண்ணி, அப்புறம் செருப்பு வேணாமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து குப்பம் முழுக்க அவன் செருப்பெழுத்து பக்கிரி.

சுனாமி படகுகளை அள்ளிக்கொண்டு போன அடுத்த வருஷம், நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அச்சு. முன்பெல்லாம் வண்ணத்தை வைத்தே இன்னார் படகு என்று சொல்லிவிடுவார்கள். இப்போது எண் ஒன்றுதான் அடையாளம். மீனவர் சங்கத்தார் சொன்ன எண்களைப் பக்கிரி ஒவ்வொரு படகின் மூக்கிலும் இரண்டு பக்கமும் கறுப்பில் எழுதினான். ஒன்றை வெறும் கோடாக இழுத்துவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. தலையில் சின்னக் கொக்கி, அடியில் அகலமாக ஒரு பட்டை. "நிக்கறதுக்கு ஒரு தரை வேணும்ல" என்பான். அப்பாதுரையின் படகுக்கு 91.

அந்த ஐப்பசியில் ஒருநாள் வாடைக்காற்று திடீரென்று வெறிபிடித்து அடித்தது. விடியலில் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. 91 மட்டும் வரவில்லை. கடல் லேசாக உறுமினாலே ஊரே மேட்டுக்கு ஓடிய காலம் அது. மத்தியானம் ரோட்டோரத்தில் எஸ்டிடி பூத் நடத்துகிற அந்தோணிசாமி ஆள் அனுப்பினான். பொம்மையார்பாளையத்திலிருந்து போன் வந்திருக்கிறது. கடலில் ஒரு படகு கவிழ்ந்து மிதக்கிறதாம். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. எண் 91.

அண்ணி நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கிரி செருப்பைக் கூட மாட்டாமல் பூத்துக்கு ஓடினான்.

படகைப் பார்த்தவர் தேவநாதன் என்கிற மீனவர். அந்தோணிசாமி மறுபடி அவரை லைனில் பிடித்துக் கொடுத்தான். "தொண்ணூத்தொண்ணுதாங்க. அலையில கிட்ட போவ முடியல. ஆனா நல்லா தடியா எழுதியிருந்துச்சு, தூரத்துலயே தெரிஞ்சுது" என்றார் அவர்.

தன் கையால் எழுதிய எண். அது அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததே என்று தன் எழுத்தின் மேலேயே பக்கிரிக்கு வெறுப்பு வந்தது. ரிசீவரை வைக்கப்போனவன் நிறுத்தினான்.

"அண்ணே, அந்த ஒண்ணுக்குச் செருப்பு மாதிரி ஒரு பட்டை இருக்கும். அது கீழ இருந்துச்சா, மேல இருந்துச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மேலங்க. வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இது இன்னா ஸ்டைலுன்னு கூட நினைச்சேன்."

கால் மேலே இருந்தால் எண்ணே தலைகீழ். கவிழ்ந்த படகில் கண்ணுக்குப் பட்டதை அவர் அப்படியே படித்துவிட்டார். 91-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 16.

16 சிவப்பிரகாசத்தின் படகு. அவன் அதைக் கழிமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, குடும்பத்தோடு கீழ்புத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஓடிப்போய்ப் பார்த்தவர்கள், அங்கே அறுந்த கயிறுதான் கிடக்கிறது என்று வந்து சொன்னார்கள். பக்கிரி பூத் வாசலில் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். கடலுக்குப் போகாமல் அவன் எடுத்த வாந்தி அது ஒன்றுதான்.

கவிழ்ந்தது 91 இல்லை என்று அவன் வந்து சொன்னபோதும் அண்ணி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு வெள்ளைப் படகு தெரிந்தது. மூக்கில் கறுப்பாக எண். ஒன்றுக்குப் பட்டை கீழே இருந்தது.

"இஞ்சின் மக்கர் பண்ணிடுச்சு. எதுக்குடா ஊரே கூடி நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே அப்பாதுரை தண்ணீரில் குதித்தான்.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மணலில் கிடந்த பக்கிரியின் செருப்பை எடுத்து வந்து, கிளிஞ்சல் கிழித்து ரத்தம் கசிந்த அவன் காலடியில் வைத்தாள்.

"எழுத்துக்கெல்லாம் மாட்டி வுடற. நீ வெறுங்கால்ல ஓடியிருக்கியே, தம்பி" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.