அண்ணன் தேடிய வார்த்தை

செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளைத் திறந்து, உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவளை 'டிஸ்க் டாக்டர்' என்பார்கள், முகத்துக்கு நேரே இல்லை. அவள் வாய்க்கு அவர்களுக்குப் பயம். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கீழ போட்டீங்களா, தண்ணி பட்டுச்சா, இல்ல நீங்களே நோண்டிட்டீங்களா?" என்ன பதில் வந்தாலும் நம்ப மாட்டாள். மனிதர்கள் சொல்வதை நம்பி அவள் ஒரு திருகைக்கூடக் கழற்றியதில்லை.

தன் ஞாபகத்தை மட்டும் நம்பினாள். பதினோரு வருடமாக அண்ணனோடு பேசாமல் இருந்ததே அந்த நம்பிக்கையில்தான். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி மாதம், அம்மாவின் அறையில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற அண்ணன் அவளைப் பார்த்து, "வெளிய போ" என்றான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அந்தக் காட்சியை அவள் மனதில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நண்பகலில் அண்ணி வந்தாள். துண்டில் சுற்றிய டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். சாலைக்கு அந்தப்பக்கம் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"தண்ணில விழுந்துருச்சும்மா. அத்தையோட வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு. நாலு கடை ஏறி இறங்கிட்டோம், முடியாதுன்னுட்டாங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் நான் வந்தேன்."

அம்மாவுக்காக வாங்கி வைத்துக்கொண்டாள். காயவைத்து, துடைத்து, மின்சுற்றுப் பலகையை மாற்றி, நாலு நாள் மல்லுக்கட்டிய பிறகு டிஸ்க் பேசியது. வந்த கோப்புகளில் ஒன்றின் தேதியைப் பார்த்ததும் மற்றதை விட்டுவிட்டு அதைத் திறந்தாள். அம்மாவின் மூச்சுத் திணறலை டாக்டரிடம் காட்டுவதற்காக அண்ணி அலமாரிமேல் கேமராவை ஓடவிட்டிருந்தாள். சண்டை நடந்த அதே நாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். அம்மா தூங்கவில்லை. தலையணையில் சாய்ந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிய போ" என்று கத்தியது அண்ணன் இல்லை, அவளேதான்; ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அண்ணன் சொன்னது வேறு: "அம்மா உன்ன ஒரு நாள்கூடக் கேக்கல. நீயா வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிற." அந்தச் சொல் அவள் மனதில் எங்குமே இல்லை. துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. இத்தனைக்கும் நடுவில் அம்மா மூன்று தடவை, "ஜன்னலச் சாத்துங்க, குளிருது" என்றாள். இருவரும் திரும்பவில்லை.

டிஸ்க்கில் ஒன்றை அழித்தாலும் அது போய்விடாது, அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை அப்படியே கிடக்கும். வருகிறவர்களுக்கு அவள் பல தடவை சொன்னதுதான். பதினோரு வருடமாகத் தினமும் தான் எழுதிக்கொண்டிருந்தது எதன்மேல் என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். வெட்கம் வந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது, முன்னைவிட அதிகமாக.

மறுநாள் அவளே அண்ணியைக் கூப்பிட்டு, அவரையே வரச் சொல்லுங்கள் என்றாள். அண்ணன் வந்தான். உட்காரவில்லை.

"அந்த வீடியோ வந்துச்சா?"

"எது?"

"தெரியாத மாதிரி நடிக்காத. அன்னிக்கு என்னப் பாத்து, அம்மாவ நான் கொல்றேன்னு சொன்னல்ல. கொலைகாரன்னு சொன்ன. உனக்குப் போட்டுக் காட்டணும்னுதான் இவ்வளவு அலைஞ்சேன்."

அவள் திரையைத் திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டாள். வீடியோ ஓடிய நாற்பது நிமிடமும் அண்ணன் நின்றபடியே பார்த்தான். அந்த வார்த்தை வரவில்லை.

"வெட்டிட்ட" என்றான்.

"வெட்டல."

"உன் தொழிலே இதுதான். உனக்கு வேண்டாதத எடுத்துட்ட."

"வெட்டறவ, வெளிய போன்னு நான் கத்தினத ஏன் விட்டு வெக்கணும்? மெஷினுக்கு உன் மேல என்ன விரோதம்?"

"வெளிய போன்னு சொன்னியா? அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல" என்றான் அண்ணன், ஈயை ஓட்டுகிற மாதிரி. "கொலைகாரன்னு சொன்ன. என் காதுல இன்னும் கேக்குது."

"ஒட்டிக்கிட்டு நிக்கிறன்னு நீ சொன்னியே, அது கேக்கலையா?"

அவன் டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சாலையின் இருபுறமும் பார்க்காமல் கடந்து போனான். ஒரு வேன்காரர் பிரேக் போட்டுத் திட்டினார்.

ஒரு மாதம் கழித்து அண்ணி போன் செய்தாள். "தினம் அதையே போட்டுப் போட்டுப் பாக்கறாரும்மா. அந்த வார்த்தை எங்கயோ இருக்கணும்ங்கறாரு. சத்தத்தக் கூட்டி வெச்சுக் கேக்கறாரு. நீ ஒரு தடவ வந்து பேசேன்."

"என்ன பேசறது? இத்தன வருஷம் அவரு சொல்லாத ஒண்ணுக்காக அவரோட பேசாம இருந்தேன். சொன்னது என்னன்னு எனக்கு இப்பதான் தெரியும். இந்தக் கோவம் புதுசு, அண்ணி. கொஞ்ச நாள் ஆகட்டும்."

போனை வைத்தாள். மேசைக்கு முன்னால் ஒருவர் உடைந்த டிஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். கீழே போடவே இல்லை என்று, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.