விதை நெல் அவல்

மாலை நாலு இருபதுக்கு அந்தக் காலிப் பொட்டலத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே கை கழுவப் போனதால் நேரம் மறக்கவில்லை. மாட்டுக் கொட்டகையின் கூரை ஓலையில் செருகியிருந்தது. மேலே மண்டை ஓட்டுப் படம். கீழே, விதை நெல்லுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது.

அன்று எங்கள் வீட்டில் நாற்றங்கால் விதைப்பு. சென்னீர்குப்பத்துக்கு உள்ளே தள்ளி, ஏரித் தண்ணீர் பாயும் நிலம். விதைத்தது போகத் தொட்டியில் மிஞ்சும் ஊறிய நெல்லை வறுத்து, இடித்து, அவலாக்கி, வெல்லம் சேர்த்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையாருக்குப் படைப்பார்கள். முதல் பிடி அந்த வீட்டின் சின்னப் பிள்ளைக்கு. பெரியவர்கள் பிறகுதான் தொடுவார்கள். அந்த வருடம் சின்னப் பிள்ளை என் மகள். ஐந்து வயது.

விதைப்புக்கென்று வந்திருந்த நாத்தனார் உலக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா வந்தாச்சு. இன்னா அண்ணி, அவல்ல கல்லு கீதானு பாக்க வந்தியா?"

நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"விதைக்குப் போடற மருந்து இது. பாப்பா அவல் சாப்பிட்டாளா?"

அவள் முகம் மாறியது. "அழுதுகினே இருந்துச்சு, அண்ணி. அதான் மூணு மணிக்கே படைச்சுட்டேன். ரெண்டு பிடி துன்னுச்சு. இன்னும் கேட்டுச்சு, குடுத்தேன். நாலு தண்ணி கழுவித்தான் வறுத்தேன். அண்ணன் ஒண்ணியும் சொல்லலியே."

மகள் பாயில் சுருண்டிருந்தாள். விளையாடும் நேரத்தில் படுக்கிற பெண் அல்ல அவள். வாயெல்லாம் தகரம் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

என் கணவர் வீட்டில் இல்லை. விதைத்து முடித்ததும் கழனியிலிருந்தே சைக்கிளில் எங்கோ போயிருந்தார். வந்ததும் அனுப்பும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, நானும் நாத்தனாரும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினோம். ஒரு செங்கல் லாரி நின்றது.

பூந்தமல்லியில் டாக்டர் வயிற்றைக் கழுவிவிட்டார். பிறகு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உள்ளே போயிருந்தா ஊசி போட்டே ஆகணும். அந்த ஊசியும் குழந்தைக்கு லேசு இல்லம்மா. தொட்டியிலயே கலந்தாரா, விதைக்க எடுத்துட்டுப் போன கூடையில மட்டும் கலந்தாரா? அவரைக் கேட்டாத்தான் தெரியும்."

கூடையில் மட்டும் என்றால் மகள் தின்றது வெறும் நெல். பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விதை இருக்கும் மூலைக்குச் செருப்புக் காலோடு யாரும் போகாத வீடு எங்களுடையது. அதில் விஷம் இருக்கும் என்று நாத்தனாருக்கு எப்படித் தோன்றும்? எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறவள் நான். காலையில் அந்தப் பொட்டலத்தின் அடியில் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

மகள் பிழைத்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். ஆனாலும் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கும்போது அவள் விரல் லேசாக நடுங்கினால், குளிரா, அந்த மருந்தா என்று அவள் டம்ளரைக் கீழே வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அவளிடம் இதுவரை கேட்டதில்லை.

அன்று ஆறு மணிக்கு அவளை எழுப்பினால் கண் திறக்கவில்லை. டாக்டர் இரண்டு தரம் வந்து, "வந்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாத்தனார் வாசற்படியிலேயே நின்றாள்.

ஆறே முக்காலுக்கு என் கணவர் வந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. கையில் நூல் சுற்றிய காகிதப் பொட்டலம், கடை அவல். அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், என்னைப் பார்க்காமல், டாக்டரிடம் சொன்னார்:

"ஊறப்போடறப்பவே தொட்டியில கலந்துட்டேன், சார். விதையில விஷமானு இவங்க ரெண்டு பேரும் வாணாம்பாங்க, அதான் சொல்லல. வெளக்கு வெக்கறதுக்குள்ள இத்த மாத்தி வெச்சிடலாம்னு வாங்கிகினு வந்தேன்."