மூன்றாவது வீட்டின் முன்சுவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். திருகோணமலைத் துறைமுகக் கரையில் ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கி, படகு எஞ்சின் பட்டறை கட்டினேன். யுத்தத்தில் ஒருக்கா எரிந்தது, சுனாமியில் ஒருக்கா போனது. இரண்டு தரமும் திரும்பக் கட்டினேன். மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று கல்வீடு. எவரும் எனக்கு ஒரு கல் எடுத்துத் தரவில்லை.

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குப் பெருமை இதுதான்: மகளுக்கு வீடு கட்டி, அவள் பெயரில் எழுதி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டிவருவது. மூத்த இரண்டு பேருக்கும் அப்படியே நடந்தது. இளையவள் சுமதி மட்டும் பட்டறையை விட்டு நகரமாட்டாள்.

ஒருநாள் கிண்ணியாவில் மீன்பிடிக்கிற நசீர் காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), படகு எஞ்சின் சூடாகிறது என்று கொண்டுவந்தார். இம்பெல்லர், அதுதான் தண்ணீர் இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கிற றப்பர் சில்லு, உடைந்திருந்தது. புதுசு போட்டேன். சுமதி பழையதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஆறு இதழில அஞ்சுதான் கிடக்கு. மற்றது குழாய்க்குள்ள போயிருக்கும். மூடாதேங்கோ."

வாடிக்கையாளர் முன்னால் மகள் பிழை பிடித்தால் யாருக்குச் சுடாது?

"கையில கிறீசோட நிண்டா உன்னை எவன் பொம்பிளை பார்க்க வருவான்? குசினிக்குப் போய் அடுப்பைப் பார்!"

நசீர் காக்கா சிரித்தார். "எங்கட ஆக்களும் இப்படித்தான் முதலாளி. பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டிக் குடுக்கிற, ஸ்பானரயா குடுக்கிற?"

நான் மூடிக் கொடுத்தேன். அடுத்த நாள் கடலில் அவருடைய எஞ்சின் சூட்டில் இறுகி, சீஸாகி நின்றது. வேறு படகு கட்டி இழுத்துவந்தது. பிரித்தேன். ஆறாவது இதழ் குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுமதி அதை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். என் பிழை என்று நான் சொல்லவில்லை. அவளுக்குக் கட்டிக்கொண்டிருந்த மூன்றாவது வீட்டை விரைவாக முடித்து அவள் பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

சம்பந்தம் பேச வந்த கிழமை அவள் முன்சுவரை இடித்து உருட்டுக் கதவு போட்டாள். மாப்பிள்ளை உட்காரக் கதிரை போட வேண்டிய இடத்தில் எஞ்சின் ஸ்டாண்ட்.

"என்ர வீடுதானே அப்பா. நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்."

அவளின் பட்டறைக்கு வந்த முதல் எஞ்சின் நசீர் காக்காவுடையது. என்னிடம் வந்து சொல்லிவிட்டே போனார்: "கோவிச்சிக்காதீங்க முதலாளி, புள்ள எண்ணிப் பாத்துத்தான் மூடுது."

போன மாதம் யூடியூப் பிள்ளைகள் வந்து அவளைப் பேட்டி எடுத்தார்கள். "எல்லாம் நானாப் பழகினது" என்றாள்.

இளம் மெக்கானிக்மாருக்குச் சொல்கிறேன்: உடைந்த துண்டு முழுக்கக் கைக்கு வரும்வரை எஞ்சினை மூடாதேங்கோ. யார் சொன்னாலும் காது குடுங்கோ. எனக்கு அது பிந்தித்தான் விளங்கினது.

மகளுக்கு வேறு சொல்ல இருக்கிறது. நான் ஆசைப்பட்டது ஒன்று, நீ ஆனது ஒன்று. ஓம். குசினிக்குத் துரத்தினதையும் ஊருக்குச் சொல்லு. ஆனால் ஸ்பானர் பிடிக்க யாற்ற கையைப் பார்த்துப் பழகினனீ? அடுத்த தரம் மைக்கை நீட்டினால் அந்தப் பேரையும் சொல்லு.